வீட்டுக்கு உரியவளும் நாட்டுக்கு உரியவனும்

தேசத்தைப் பெண்ணாக வருணிப்பது நம் இலக்கியத்தில் நெடுங்கால வழக்கு. நிலம் தாய், மொழி தாய், நாடு தாய். அத்தாயின் மானங்காக்க எழுகின்றவன் மகன். விடுதலை இயக்கக் காலத்துப் பாடல்கள் தொடங்கி இன்றைய மேடைப் பேச்சு வரை இந்த உருவகம் தொடர்ந்து வந்திருக்கின்றது. ஆயின், தாயென்று கும்பிடப்படும் அந்தப் பெண்ணுக்கு அந்நாட்டில் ஒரு துண்டு நிலமேனும் சொந்தமா? அவள் பெற்ற பிள்ளைக்கு அவள் வழியாகக் குடியுரிமை கிடைக்குமா? அவள் கடல் கடந்து போனால் நாடு அவளை எந்தக் கணக்கில் எழுதிக்கொள்கின்றது? இக்கேள்விகளை நமது இலக்கிய விமர்சனம் போதிய அளவு கேட்டதில்லை. உருவகத்தை அது வியந்தது. உருவகத்தின் பின்னால் நின்ற மனுஷியை அது விசாரிக்கவில்லை.

பெண்ணியச் சிந்தனையாளர் இதனை விசாரித்து நெடுநாளாயிற்று. குமாரி ஜயவர்த்தன, மூன்றாம் உலகில் பெண்ணியமும் தேசியமும் பற்றிய தமது ஆங்கில நூலை 1986இல் வெளியிட்டார். பெண்ணியம் மேற்கிலிருந்து இறக்குமதியான சரக்கன்று, ஆசிய நாடுகளின் ஏகாதிபத்திய எதிர்ப்புப் போராட்டங்களோடு கூடவே முளைத்தது என்று அவர் நிறுவினார். தெருவுக்கு அழைக்கப்பட்ட பெண், விடுதலைக்குப் பின் மீண்டும் அடுக்களைக்கே அனுப்பப்பட்ட கதையையும் அவர் மறைக்கவில்லை. 1997இல் நிரா யுவால்-டேவிஸ் எழுதிய நூல் இன்னும் ஒருபடி சென்றது. தேசம் பெண்ணைப் பிள்ளை பெறுபவளாகவும், பண்பாட்டைச் சுமப்பவளாகவும், ‘நாம்’, ‘அவர்கள்’ என்ற எல்லையைக் குறிக்கும் அடையாளமாகவும் பயன்படுத்துகின்றது என்பது அதன் சாரம். இக்கருத்துகளை நூலிலே படித்து நூலிலேயே விட்டுவிடுதல் தகாது. தமிழ் பேசும் மக்களின் வாழ்வில் வைத்து இவற்றை உரசிப் பார்க்க வேண்டும். அதற்குக் கல்முனைக் கரையைவிடத் தக்க உரைகல் இல்லை என்பது நமது துணிபு.

இலங்கையின் கிழக்குக் கரையிலே மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று தெற்கே பொத்துவில் வரை முஸ்லிம் ஊர்கள் தொடர்கின்றன. பாண்டிருப்பு, காரைதீவு, திருக்கோவில் முதலிய தமிழ் ஊர்கள் இடையிடையே அமைந்திருக்கின்றன. கிழக்கே கடல், மேற்கே வயல். நடுவே ஒடுங்கிய மணற்பரப்பில் வீட்டோடு வீடு நெருங்கிய குடியிருப்பு. இங்கே முஸ்லிம்களும் தமிழரும் தாய்வழிக் குடிமுறையைப் பேணி வந்திருக்கின்றனர். பிள்ளை உம்மாவின் குடியைச் சேர்ந்தது. கலியாணமானபின் மாப்பிள்ளை பெண்வீட்டுக்குப் போவான். பெண் பிறந்த வளவை விட்டு நீங்குவதில்லை. பெற்றோர் மூத்த மகளுக்குத் தாம் குடியிருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, அடுத்தவளுக்காகப் பக்கத்திலே இன்னொன்றைக் கட்டுவர். ஒரு தாயின் வளவைச் சுற்றி மகள்மாரின் வீடுகள் கிளைக்கின்றன. அக்கரைப்பற்றைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதனை விரிவாக எழுதியிருக்கின்றார்.

இக்கரையில் வழங்கும் பூர்வீக ஐதிகமும் கவனத்துக்குரியது. முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த போரிலே முக்குவருக்குத் துணைநின்ற பட்டாணியர், கைம்மாறாகப் பெண் பெற்று இம்மண்ணில் அமர்ந்தனர் என்பது அது. பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம்களைக் கண்டியரசன் செனரத் கீழ்க்கரையில் குடியேற்றிய செய்தியும் உண்டு. ஐதிகம் எவ்வளவு, வரலாறு எவ்வளவு என்பது வேறு விஷயம். இவ்வைதிகம் மக்களின் மனத்தில் எதை நிலைநாட்டுகின்றது என்பதே நமக்கு முக்கியம். வந்தவன் ஆண், இருந்தவள் பெண். பெயர்வு அவனுடையது, மண் அவளுடையது. ஆனால் அவள் பரிசாகக் கொடுக்கப்பட்டவள். கொடுக்கும்போது அவளுடைய சம்மதத்தை எவரும் கேட்டதாகக் கதை சொல்லவில்லை. மண்ணுக்கு உரியவளாக இருந்தும் பேச்சுக்கு உரியவளாக அவள் இல்லாமற் போன முரண்பாடு, கதையின் முதல் வரியிலேயே இருக்கின்றது.

இம்முரண்பாடு கதையோடு நின்றுவிடவில்லை. குடி தாய்வழியாக வருகின்றது; அக்குடியின் சார்பில் பள்ளிவாசல் நிருவாகத்தில் அமரும் மரைக்காயரோ ஆண்மகன். வீடு பெண்ணுக்கு எழுதப்படுகின்றது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமோ பதிவேட்டில் மணமகளின் கையொப்பத்தைக் கோரவில்லை. அவளுடைய வலீயின் கையொப்பம் போதும் என்றது. மஹரைச் சொன்ன அதே சட்டம், பெண்வீட்டார் மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் கைக்கூலியையும் ஏற்றுக்கொண்டது. வீட்டுறுதியில் பெயருள்ளவளுக்குத் தன் நிக்காஹ்வில் கையொப்பம் இல்லை! ‘எங்கள் பெண்களுக்குத்தான் சொத்து இருக்கின்றதே, அவர்களுக்கு என்ன குறை?’ என்று வாதிப்போர் இதற்கு விடை சொல்ல வேண்டும். சொத்துடைமை வேறு, அதிகாரம் வேறு. வீடு அவளுக்குக் கிடைப்பது அவள் ஒரு பிரஜை என்பதற்காக அன்று. அவள் ஒருவனுக்கு வாழ்க்கைப்பட வேண்டியவள் என்பதற்காக.

எனினும், இக்குறையுள்ள உரிமையையும் அரசின் சட்டம் மேலும் அரித்தது. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், அரச காணியின் வாரிசை நிர்ணயிக்கையில் மகளுக்கு முன் மகனை வைத்தது. அதில் திருத்தம் வந்தது 2022இல். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் குடியேற்றங்கள், நிலத்தை உழும் ஆண்குடியானவனே தேசத்தின் முதுகெலும்பு என்ற எண்ணத்தின் மீது எழுந்தவை. தாய்வழியே நிலமும் வீடும் இறங்கிய ஒரு பிரதேசத்தின் மேற்கெல்லையிலே, ஆண்வழியே இறங்கும் நிலத்தை அரசு உண்டாக்கியது. இக்குடியேற்றங்களை இனப்பரம்பல் பற்றிய கணக்கு வழியாகவே இதுவரை பேசி வந்திருக்கின்றோம். அக்கணக்கு அவசியமானதே. ஆனால் அதே காகிதம் ஒரு மகளின் உரிமையையும் பின்தள்ளியது என்பதையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.

குடியுரிமையின் கதையும் இத்தகையதே. மலையகத் தமிழரை நாடற்றோராக்கிய 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், விவாகத்துள் பிறந்த பிள்ளைக்கு வம்சாவழிப் பிரஜாவுரிமை தந்தை வழியே வரும் என்றது. தாய் வழியாகவும் அது வரலாம் என்ற திருத்தம் 2003இல்தான் நிறைவேறியது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! குடி தாய்வழி என்று வாழ்ந்த ஒரு கரைக்கு, குடியுரிமை தந்தைவழி என்று நாடு கூறியது. ‘குடி’ என்ற ஒரே சொல்லின் இரு பொருள்களுக்கு இடையில் கிடக்கும் இந்தப் பிளவே நமது கட்டுரையின் மையக் கேள்வியாகும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இப்பிளவை வெட்டவெளிச்சமாக்கியது. இலங்கையில் மிகுதியான உயிர்களைப் பலிகொடுத்த மாவட்டம் அம்பாறை. பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கு மாண்டனர். கரையோரத்து வளவுகள், தாயும் மகள்மாரும் சூழ வாழ்ந்த அந்த வீட்டுக் கொத்துகள், அடியோடு அழிந்தன. பின்னர், கிழக்கிலே கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று தடைவலயம் வகுக்கப்பட்டது. உள்நாட்டில் மாற்று வீடு கொடுக்கையில் ‘குடும்பத் தலைவர்’ யார் என்று அதிகாரி கேட்டார். படிவத்தில் கணவன் பெயர் எழுதப்பட்டது. கடல் கொண்டுபோனது மனைவியின் சீதன வீடு. அரசு கொடுத்தது கணவனின் வீடு! கூட்டு உரிமையேனும் வேண்டுமென்று பெண்கள் அமைப்புகள் போராட வேண்டியதாயிற்று. இயற்கை அழித்ததை ஒரு வேளை மீட்கலாம். படிவத்தின் ஒரு கட்டத்துக்குள் அழிக்கப்பட்டதை மீட்பது எப்படி?

இனி, கடல் கடந்து போனவளைப் பார்ப்போம். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. இறக்குமதித் துணி வெள்ளமாக வந்தபோது நாடெங்கும் கைத்தறி முடங்கிற்று. நெசவுக்குப் பேர்போன மருதமுனை அதற்கு விலக்கன்று. ஏறத்தாழ அதே காலத்தில் எண்ணெய் வள நாடுகள் வீட்டு வேலைக்குப் பெண்களைக் கேட்டன. உள்ளே தறி ஓய்ந்தது; வெளியே கதவு திறந்தது. 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் சட்டப்படி நிறுவப்பட்டது. 1990களின் நடுப்பகுதியிலே நாட்டிலிருந்து வேலைக்குப் புறப்பட்டோரில் ஏறத்தாழ நால்வரில் மூவர் பெண்கள். தேயிலைக்கும் ஆடைக்கும் இணையான அந்நியச் செலாவணியை நாட்டுக்கு ஈட்டித் தந்தவர்கள் இவர்கள்.

ஏன் போனார்கள்? ‘வறுமை’ என்ற ஒற்றைச் சொல் இதற்கு முழு விடையாகாது. வறுமைக்கு ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வோர் உருவம் உண்டு. இக்கரையில் அதன் உருவம் வீடு. மகளுக்கு ஒரு கல்வீடு இல்லையேல் மாப்பிள்ளை இல்லை. நிலம் ஒடுங்கியது, குடிசனம் பெருகியது, சீமெந்தின் விலை ஏறியது. மூன்று மகள்மாரைப் பெற்றவள் மூன்று வீடு கட்ட வேண்டும். ஆகவே, பிறந்த வளவை விட்டு நீங்காதவள் என்று மரபு போற்றிய பெண், அந்த வளவைக் காப்பாற்றுவதற்காகவே ரியாத்திலும் குவைத்திலும் அந்நியர் வீட்டைத் துடைக்கப் போனாள். தன் மகளுக்கு ஒரு வீடு கொடுப்பதற்காக மகள் வளரும் ஆண்டுகளில் வீட்டில் இல்லாதவளானாள். தாய்வழி மரபு அவளுக்குப் பலமும் கொடுத்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள உம்மாவும் சகோதரியும் அதே வளவில் இருந்தனர். அதே மரபு அவளைக் கடனாளியாக்கி விமானத்திலும் ஏற்றியது. ஒரு வழக்கத்தை முற்றாகப் போற்றுவதோ முற்றாகத் தூற்றுவதோ விமர்சனமாகாது. அவ்வழக்கம் யாருடைய உழைப்பால் நடக்கின்றது என்று கேட்பதே விமர்சனம்.

மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்கின் கதையை நாம் அறிவோம். அவர் 1988இல் பிறந்தவர். கடவுச்சீட்டோ 1982 என்றது. 2005இல் சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாகச் சென்ற பதினேழு வயதுச் சிறுமியின் பொறுப்பில் ஒரு கைக்குழந்தை விடப்பட்டது. அக்குழந்தை இறந்தது, 2007இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது, 2013 ஜனவரி 9ஆந் திகதி அது நிறைவேற்றப்பட்டது. தகுதியான மொழிபெயர்ப்பாளர் இன்றிப் பெறப்பட்ட வாக்குமூலமே அவ்வழக்கின் ஆணிவேர். அவரைப் பற்றித் தமிழிலே பல கவிதைகள் எழுந்தன. அவற்றின் கண்ணீர் உண்மையானது. ஆயினும் இரங்கற்பா ஒரு பெண்ணை அபலையாக்கி ஓய்ந்துவிடுகின்றது. போலி வயதை எழுதிய கை யாருடையது, பதினேழு வயதுப் பிள்ளையின் கூலியில் ஒரு குடும்பம் நிமிர வேண்டிய நிலை எப்படி வந்தது என்று அது கேட்பதில்லை. 1995இல் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பணிப்பெண் புளோர் கொன்டெம்பிளேசியன் சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டபோது அந்நாட்டு மக்கள் தெருவில் இறங்கித் தம் அரசையே கூண்டில் ஏற்றினர். அங்கே அழுகை அரசியலாயிற்று.

இங்கே அரசு செய்தது யாது? 2013இல் ‘குடும்பப் பின்னணி அறிக்கை’ என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் பணிப்பெண்ணாகப் போகலாகாது என்றது. அவ்வெல்லை 2022இல் தளர்த்தப்பட்டது. தந்தைக்கு இத்தகைய அறிக்கை எதுவும் கேட்கப்படவில்லை. கூலியை உயர்த்துவதும், கடவுச்சீட்டைப் பறித்து வைக்கும் கபீல்களைத் தட்டிக்கேட்பதும் அரசுக்குக் கடினமாயிருந்தன. சொந்த நாட்டுப் பெண்ணின் தாய்மையை அளந்து பார்ப்பது எளிதாயிருந்தது. தடை வந்ததும் முகவர்கள் அதனைச் சுற்றிப்போக வழி தேடினர். போனவள் முன்னினும் பாதுகாப்பற்றவளானாள். நாடு அவளுடைய பணத்தைத் தேசிய வருமானம் என்றது. அவளுடைய இன்மையை மட்டும் குடும்பச் சீர்கேடு என்றது.

அரசின் தேசம் இவ்வாறாக, சமூகத்தின் தேசம் எவ்வாறு? 1981இல் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் தோன்றியது. கல்முனையை அரங்காகக் கொண்ட எம்.எச்.எம். அஷ்ரப், கிழக்கு முஸ்லிம்களுக்கு ஓர் அரசியற் குரலைத் தந்தார். அக்குரலுக்கு நியாயம் இருந்தது. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றோர் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் பிறந்த மண்ணிலிருந்து துரத்தப்பட்டனர். தமிழரின் காயங்களும் மறக்கத்தக்கவை அல்ல. 1985இல் காரைதீவிலே தமிழர் வீடுகள் எரிக்கப்பட்டன. இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்போம். எரிந்த அவ்வீடுகள் யாருடைய சீதனம்? இரு இனத்தாரிடத்தும் வீடு தாய்வழிச் சொத்தாயிற்றே! இரு தேசியங்களும் ஒன்றையொன்று எரித்தபோது எரிந்தது பெரும்பாலும் பெண்களின் உடைமை. தமிழ்த் தாய்க்கும் முஸ்லிம் தாய்க்கும் பொதுவான இந்தக் குடிமரபை இரு தரப்பு மேடைகளும் மறந்தன. எல்லைகளைப் பற்றிப் பேசியோர், எல்லைக்கு இருபுறமும் ஒரே விதமாக அமைந்த வளவுகளைக் காணவில்லை.

சமூகம் முற்றுகையில் இருக்கையில் பெண்களின் பிரச்சினையை எழுப்புவது எதிரிக்கு ஆயுதங் கொடுப்பதாகும் என்பார் உளர். இவ்வாதத்தை நாம் இலேசாகத் தள்ளிவிடவில்லை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின், சாய்ந்தமருதில் பெண்களும் பிள்ளைகளும் மாண்ட அந்த இரவுக்குப் பின், அவசரகால விதியின்கீழ் முகத்திரை தடைசெய்யப்பட்டது. சோதனையின் முதற்பார்வை முஸ்லிம் பெண்ணின் உடையின் மீதே விழுந்தது. விவாகச் சட்டத் திருத்தத்தைப் பற்றி அதுவரை வாய்திறவாதவர்களெல்லாம் திடீரென்று முஸ்லிம் பெண்ணின் காவலர்களாயினர். இது பெண்ணியமன்று, பெரும்பான்மைவாதம் பூண்ட பெண்ணிய வேஷம். ஆனால் இதற்கு மறுமொழி மௌனமாகாது. அச்சட்டத்தை ஆராய 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைக்கப்பட்ட குழு, தன் அறிக்கையைக் கையளிக்க 2018 ஆயிற்று. அதற்குள் எத்தனை சிறுமிகள் மனைவிகளானார்கள்! திருத்தம் கேட்டு முதலிற் பேசியோர் முஸ்லிம் பெண்களே. இருபுறத்து வசையையும் ஒருங்கே தாங்கிக்கொண்டு பேசினார்கள். சமூகத்தின் உரிமைக்காகவும் சமூகத்துக்குள் உரிமைக்காகவும் ஒரே மூச்சில் போராடலாம் என்பதை அவர்கள் நடந்து காட்டியிருக்கின்றார்கள்.

இவ்வளவையும் மனத்திற் கொண்டு இக்கரையின் இலக்கியத்துக்கு வருவோம். நீலாவணன், மருதூர்க்கொத்தன், எம்.ஏ. நுஃமான், சண்முகம் சிவலிங்கம், சோலைக்கிளி என்று தமிழுக்கு இவ்வட்டாரம் தந்த கொடை பெரிது. இவர்களைப் பற்றிய விமர்சனம் பெரும்பாலும் வர்க்கம், இனம், உருவம் என்ற மூன்று வாயில்களாலேயே உள்ளே நுழைந்தது. வயலும் உழவனும் பேசப்பட்ட அளவுக்கு, அவ்வுழவன் இரவில் வந்து உறங்கும் வீடு யாருடையது என்பது பேசப்படவில்லை. யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டம் 1986இல் வெளியிட்ட ‘சொல்லாத சேதிகள்’ ஈழத்துப் பெண்கவிதைக்கு ஒரு திருப்புமுனை. பெண்ணைப் பற்றி எழுதப்பட்ட கவிதைக்கும் பெண் எழுதும் கவிதைக்கும் உள்ள தூரத்தை அது தமிழுலகுக்கு உணர்த்தியது.

சாய்ந்தமருதின் அனார், அத்தூரத்தைக் கிழக்கின் முஸ்லிம் பெண்ணின் மொழியிலே கடந்தவர். அவரது கவிதைகளை ‘காதல்’, ‘அகம்’, ‘இயற்கை’ என்று பாராட்டி முடிப்பது பலருக்குச் சௌகரியமாயிருக்கின்றது. ‘மேலும் சில இரத்தக் குறிப்புகள்’ என்ற கவிதையை எடுத்துக்கொள்வோம். மாதந்தோறும் இரத்தத்தைக் கண்டு பழகிய ஒரு பெண், தன் குழந்தையின் விரலில் கசியும் இரத்தத்தைக் கண்டு பதைக்கின்றாள். அந்தப் பதைப்பிலிருந்தே வன்முறைக்கு ஆளான பெண்ணின் இரத்தத்துக்கும், போரின் இரத்தத்துக்கும் கவிதை செல்கின்றது. கொடியோ எல்லையோ கவிதையின் தொடக்கமாகவில்லை. வீட்டுக்குள்ளிருந்தே அது தேசத்தை அளக்கின்றது. இதனை அகக்கவிதை என்று ஒதுக்கினால், அரசியலுக்கு வீடு புறம்பானது என்ற பழைய பொய்யை நாமும் ஏற்றவராவோம்.

அதே அனார் 2013இல் கிழக்கிலங்கை நாட்டார் காதற்பாடல்களைப் ‘பொடுபொடுத்த மழைத்தூத்தல்’ என்ற பெயரில் தொகுத்தளித்தார். எழுத்தறியாத பெண்ணும் வெட்கமின்றி ஆசையையும் கோபத்தையும் பேசிய கவிகளின் உலகம் அது. அங்கே பிரிவுக்கு ஒரு திசைதான் உண்டு. மச்சான் வயலுக்கோ தூரத் தொழிலுக்கோ போவான். மச்சி வீட்டிலிருந்து பாடுவாள். சங்கத் தமிழ் முதல் நாட்டுக்கவி வரை பிரிவின் இலக்கணம் இதுவே: செல்பவன் தலைவன், இருப்பவள் தலைவி. கடந்த ஐம்பதாண்டு வரலாறு அந்த இலக்கணத்தைத் தலைகீழாக்கிவிட்டது. தலைவி போய்விட்டாள். அவளுடைய பாலை ரியாத்தின் ஓர் அடுக்களை. அவள் அங்கிருந்து என்ன பாடினாள்? ஒலிநாடாவில் பேசி அனுப்பிய குரல்கள், கடிதங்கள், இன்று கைப்பேசியில் வரும் குரற்செய்திகள் ஆகியவற்றில் சிதறிக் கிடக்கும் அந்தப் பேச்சு இலக்கியமாகத் தொகுக்கப்பட வேண்டாமா? அவளைப் பற்றிப் பிறர் எழுதிய கதைகளும் கவிதைகளும் இருக்கின்றன. அவள் தானே கூறும் வரலாற்றுக்கு நம் இலக்கியத்தில் உரிய இடம் இன்னும் அமையவில்லை. அது அமையும் வரை நமது யதார்த்த இலக்கியம் பாதி யதார்த்தமே.

ஆசிரியர்களும் மாணவர்களும் இப்பணியில் இறங்கலாம். கவியைத் தொகுத்தது போலவே கடிதத்தையும் தொகுக்கலாம். பாட்டிமாரின் வாயிலிருந்து குடிகளின் பெயர்களைக் கேட்பதோடு, அவ்வீடு எந்த நாட்டுக் கூலியில் எழுந்தது என்றும் கேட்டு எழுதலாம். ஒரு நாவலைக் கையிலெடுக்கும்போது அதன் கதாநாயகன் எந்தக் கட்சி என்று கேட்பதற்கு முன், அவன் குடியிருக்கும் வீடு யார் பெயரில் உள்ளது, அதைக் கட்டியவள் இப்போது எங்கே இருக்கின்றாள் என்று கேட்டுப் பார்க்கலாம். தேசம் என்பது கொடியும் எல்லையும் மட்டுமன்று. உறுதி, படிவம், கடவுச்சீட்டு, விவாகப் பதிவேடு என்ற நான்கு காகிதங்களும் அதுவேயாகும். இந்நான்கிலும் தன் பெயரைத் தன் கையால் எழுதும் உரிமை பெண்ணுக்கு வரும் நாளில், நாட்டைத் தாய் என்று பாட வேண்டிய தேவை நமக்கு இராது. அன்று அவள் நாட்டின் உருவகமாக இருக்கமாட்டாள்; நாட்டின் பிரஜையாக இருப்பாள்.